ஒரு சிப்பம் அரிசியும் ஒரு ஆக்சிமீட்டரும்

கேள்வி: கொரோனா நேரத்தில் கடைகளைக் காலி செய்ததும் நம் மக்கள்தான், பக்கத்து வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததும் நம் மக்கள்தான். உங்கள் ஊரில் நீங்கள் பார்த்தது எது? மறுபடி அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டையும் பார்த்தேன். முதலில் சொன்னதை நானே செய்தேன்.

நெல்லை மாவட்டம் முக்கூடலுக்குப் பக்கம் எங்கள் ஊர். தெருவில் பாதிக்கு மேல் பீடி சுற்றுகிற வீடுகள். பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, சுற்றிக் கட்டிக் கொடுத்தால் வாரக் கடைசியில் கூலி. என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் கொஞ்சப் பேர்.

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. அது ஒரு நாள் கூத்து என்றுதான் எல்லாரும் நினைத்தோம். செவ்வாய்க்கிழமை, 24-ம் தேதி, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 என்று அறிவித்ததும் ஊர் நிலைகொள்ளாமல் போய்விட்டது. மத்தியானம் எங்கள் தெருமுனை பலசரக்குக் கடையில் கால் வைக்க இடமில்லை. நான் 25 கிலோ சிப்பம் இரண்டு, எண்ணெய் பத்துப் பாக்கெட், பருப்பு, சோப்பு என்று அள்ளினேன். வீட்டில் நாங்கள் நாலு பேர். ஏற்கெனவே அரைச் சிப்பம் அரிசி கிடந்தது. எதற்கு வாங்கினேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. முன்னால் நின்றவர் இரண்டு சிப்பம் வாங்கினார், நானும் வாங்கினேன். அவ்வளவுதான் காரணம்.

வண்டியில் கட்டிக்கொண்டிருக்கும்போது கீழவீட்டு மதினி வந்தாள். கையில் ஒரு துணிப்பை, நூற்றைம்பது ரூபாய். இரண்டு கிலோ அரிசி, கால் கிலோ துவரம்பருப்பு, கொஞ்சம் புளி. அவள் எப்போதும் வாங்குகிற கணக்கு அது. கடையில் அரிசி தீர்ந்திருந்தது. கடைசிச் சிப்பம் என் வண்டியில் இருந்தது.

கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தம்பி, ஒண்ணை இறக்கி வச்சிட்டுப் போங்க. உங்களுக்கு ஒரு சிப்பம் ஒரு மாசத்துக்குக் காணும். இந்தப் பிள்ளை ராத்திரிக்கு உலை வைக்கணும்லா."

"துட்டுக் கொடுத்துட்டேனே அண்ணாச்சி."

"துட்டு எங்க ஓடிப் போவுது? நோட்டுல வரவு வச்சிருதேன்."

இறக்கி வைத்தேன். மனமுவந்து செய்தேன் என்று எழுத மாட்டேன், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில்தான் செய்தேன். அவர் அங்கேயே சிப்பத்தின் வாயில் இருந்த தையல் நூலை இழுத்து உருவி, மதினிக்கு இரண்டு கிலோ நிறுத்துப் போட்டார். பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, 'அரிசி வீட்டுக்கு 5 கிலோ' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார். அந்த ஒரு சிப்பத்தில் இன்னும் நாலு வீட்டுக்கு அரிசி போயிருக்கிறது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். மறுபடி ஓட்டம். ஆனால் எங்கள் கடையில் அந்த அட்டை தொங்கியது. "எல்லாருக்கும் அஞ்சு கிலோதான், வெள்ளிக்கிழமை லோடு வருது, உன் வீட்டுக்கு எடுத்து வச்சிருக்கேன், போ" என்று ஒவ்வொருவரிடமும் அவர் சத்தமாகவே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனும் அஞ்சு கிலோதான் கொண்டு போகிறான் என்று தெரிந்ததும் ஆட்கள் பாதிப் பரபரப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் எனக்கு இதுதான் படுகிறது: ஆசை கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனால் நம்மைக் கடைக்கு விரட்டியது நாளைக்குக் கிடைக்குமா என்று தெரியாத பயம். தெரிந்த ஒரு ஆள், கணக்கைக் கண்ணுக்கு முன்னால் வைத்து, உனக்கு உண்டு என்று சொன்னால் அது இறங்கிவிடுகிறது.

அந்த நாட்களில் அரிசிப் பஞ்சம் நாட்டில் எங்கேயும் கிடையாது. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பு இருந்தது. சிக்கல் கிடங்குக்கும் தெருமுனைக்கும் நடுவில். லாரி ஓட்ட ஆள் வேண்டும், மூட்டை இறக்க ஆள் வேண்டும், அவர்கள் வழியில் சாப்பிட ஒரு கடை திறந்திருக்க வேண்டும். எங்கள் அண்ணாச்சி வாரத்துக்கு இரண்டு தடவை நெல்லை டவுனில் சரக்கெடுப்பவர். கடையில் எப்போதும் நாலைந்து நாள் விற்பனைக்குத்தான் சாமான் இருக்கும். அறுபது வீடு ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே பகலில் கேட்டால் கடை காலியாகத்தான் செய்யும். காலி அலமாரியைப் பார்த்தவன் அடுத்த கடைக்கு ஓடுவான்.

மருந்துக் கடையிலும் இதே கதைதான். முகக்கவசமும் கை கழுவுகிற சானிடைசரும் கிடைக்காமல் போய், மார்ச் 13-ம் தேதியே மத்திய அரசு அவற்றை அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. மூன்று அடுக்கு முகக்கவசம் பத்து ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று பிறகு விலையும் வைத்தார்கள். எங்கள் பக்கம் தையல் மெஷின் வைத்திருந்த பெண்கள் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தார்கள். அதைத்தான் ரொம்ப நாள் போட்டோம்.

பீடி வீடுகள் பட்ட பாட்டைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பீடி இலை வடக்கே மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களிலிருந்து வருவது. கடை அடைத்தார்கள், இலை இல்லை, சனிக்கிழமைக் கூலி இல்லை. நான் சிப்பம் சிப்பமாக வாங்கியபோது அவர்களுக்கும் பயம் இருந்தது, வாங்கக் காசுதான் இல்லை. ஏப்ரலில் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்த பிறகுதான் அந்த வீடுகளில் மூச்சு வந்தது. அதற்கு முந்தின ஒரு வாரத்தை அண்ணாச்சியின் பற்று நோட்டு ஓட்டியது. அந்த நோட்டில் இருபது வீட்டுக்கு மேல் பேர் இருந்தது. என் மனைவி அதைக் கேள்விப்பட்டு, எங்கள் வரவில் கிடந்த அந்தச் சிப்பத்துப் பணத்தை மதினி பற்றில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மதினிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் திருப்பிக் கொடுக்காமல் விட மாட்டாள்.

ஊர் முழுக்க இப்படி நல்லதாகவே நடந்தது என்று சொன்னால் பொய். நெல்லையில் முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற மேலப்பாளையத்தில் கொரோனாவுக்காகத் தெருக்களை அடைத்த நாட்களில், காலங்காலமாக எங்கள் ஊருக்குள் வந்து வியாபாரம் செய்த ஒரு பாய்க்கு யாரும் கதவு திறக்கவில்லை. கேட்டால் நோய் என்றார்கள். அது நோய்ப் பயம் மட்டும் இல்லை. 2021 மே மாதம் என் மாமா கொரோனாவில் தவறியபோது சொந்தக்காரர்கள் கிட்டே வரப் பயந்தார்கள். கவச உடை போட்டு உடலை வாங்கி, எங்கள் முறைப்படி கொள்ளி வைக்கிற வரைக்கும் கூட நின்றவர்கள் முஸ்லிம் பையன்கள் ஆறு பேர். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அன்று இப்படி நடந்தது. அந்தப் பாய்க்கு நாங்கள் கதவு திறக்காதது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

அந்த இரண்டாம் அலையில் மக்கள் ஓடியது மருந்துக்கு. ரெம்டெசிவிர் ஊசிக்காக நகை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். கொரோனா நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. மூச்சுக்குத் திணறுகிற அப்பாவை வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற ஆக்சிமீட்டரும் அப்படித்தான் ஒரே நாளில் மாயமானது. விலை இரண்டு மடங்கு. வசதியான ஒரு வீட்டில் மூன்று வாங்கி வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் தெருவில் பதினாலு வீடு காசு போட்டு ஒன்றே ஒன்று வாங்கி, அங்கன்வாடியில் வேலை பார்த்த அக்காவிடம் கொடுத்தோம். காலையும் மாலையும் அக்கா அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் கண்ட வீட்டுத் திண்ணைக்கு மட்டும் போவார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார், விரலில் மாட்டுவார், நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி.

ஒரு நாள் மேலவீட்டு ஆச்சிக்கு 88 காட்டியது. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா பதறவில்லை. ஆச்சியின் கையைப் பிடித்துப் பார்த்தார், விரல் சில்லென்று இருந்தது, நுனியெல்லாம் மருதாணி. கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்டினார். 96. அதே வாரம், திண்ணையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு அண்ணனுக்கு 89. இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார், 89தான். "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று சொன்னவரை வற்புறுத்தி நெல்லைக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து வீட்டுக்கு வந்தார். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்சிஜன் டேங்கரில் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. ராக்கெட்டுக்கு வைத்திருந்தது மனுசனுக்குப் போகிறது என்று ஆச்சி தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மே 24-லிருந்து பலசரக்குக் கடையும் கிடையாது என்று அறிவித்து, முந்தின இரண்டு நாள் மட்டும் கடை திறக்க விட்டபோது காய்கறி விலை தாறுமாறாக ஏறியது. அண்ணாச்சி பழைய அட்டையைத் தேடி எடுத்துத் தொங்கவிட்டார். நான் அஞ்சு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுபடி வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நாளே அண்ணாச்சியிடம் போய், வாரக்கூலி வீடுகளில் இரண்டு வீட்டுப் பற்றை என் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். தெருவில் இன்னும் நாலு சம்பளக்காரர்கள் இருக்கிறோம். இதை அவர்களிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன். மூன்று பேர் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.