‘அவசரம் லேது’ என்று வந்த பதில்

கேள்வி: நானும் கணவரும் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். விஜயவாடாவில் வீடு கட்டும் ஒருவர் கூடத்துக்குக் கல் கேட்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் அவரும் அவருடைய என்ஜினீயரும் நாங்களும் இருக்கிறோம். ‘திண்ணைக்குக் கரைக்கல் போடட்டுமா?’ என்று கேட்டேன். ‘அவசரம் லேது’ என்று ஆங்கில எழுத்தில் பதில் வந்தது. அவசரமில்லையே என்று நிதானமாக 300 கல் போட்டுப் படம் அனுப்பினால், வேண்டாம் என்றதை ஏன் தலையில் கட்டுகிறீர்கள் என்று சீறுகிறார். ‘எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்’ என்று எழுதினேன். அதைப் போனிலேயே மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, ‘நான் யாரை அடித்தேன்?’ என்று கேட்கிறார். கூடத்துக் கல்லையும் நிறுத்திவிடுவாராம். பணத்தைக் கேட்பதா, விடுவதா?
– வாசகி, ஆத்தங்குடி

பதில்: அன்புச் சகோதரி, அவர் உங்களை ஏமாற்றவில்லை. தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. ‘அவசரம் லேது’ என்றால் தேவையில்லை. அவர் தெளிவாகவே மறுத்திருக்கிறார்.

வடமொழியிலிருந்து வந்து மொழிக்கொரு வழியாகப் போன சொல் இது. கன்னடத்தில் நம்மைப் போலவே பரபரப்பைக் குறிக்கிறது; மலையாளத்தில் வாய்ப்பு என்று பொருள். தெலுங்கு எழுத்தில் வந்திருந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டிருப்பீர்கள். ஆங்கில எழுத்தில் வந்ததால் நம் வீட்டுச் சொல்லாகவே தெரிந்துவிட்டது. புரியாததை யாரும் விசாரிப்பார்கள். புரிந்ததாகத் தோன்றுவதை விசாரிக்க நமக்குத் தோன்றுவதே இல்லை. நகரத்தார் வீடுகளில் அம்மாவைப் பெற்றவர் ஆயா. சென்னையில் அது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண். மலாய் மொழியிலோ கிட்டத்தட்ட இதே ஒலியில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். மலேசியாவில் உறவுள்ளவர்கள் நிறைந்த நம் ஊர்களில் இது தெரிந்த விஷயம்தான்.

உங்கள் உழைப்பின் அருமை எனக்குத் தெரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, நிறம் நிறமாகக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுத்த கல் ஒவ்வொன்றும். அது வீணாவதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் அவர் கேட்காத சரக்குக்கு அவரிடம் பணம் கேட்பது நியாயமாகாது என்பதே என் கருத்து. அடக்க விலைக்குத் தரலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். கரைக்கல்லுக்கு வேறு வீடு கிடைக்கும். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பவர்களிடம் விசாரியுங்கள்.

இனி அந்தக் குழுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். என்ஜினீயர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவரும் இறங்கி வர மாட்டார். ‘வயிற்றில் அடிப்பது’ பிழைப்பைக் கெடுப்பது என்று நமக்குத் தெரியும். மொழிபெயர்க்கும் கருவி அதை அடிதடியாக்கிவிட்டது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நம் பக்கத்திலேயே எத்தனையோ உண்டு. அப்படி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு போனில் பேசுங்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை முதலில் சொல்லுங்கள். கோபத்தில் எழுதியதற்கு வருத்தத்தையும் சொல்லிவிடுங்கள். முதலில் இறங்குவது நீங்களாக இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. அவரும் மனம் நொந்துதான் போயிருப்பார். கேட்காத பொருளை யாரோ தன்மேல் திணிப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்!

பேசி முடித்ததும் கூடத்துக் கல்லுக்கு மட்டும் எண்ணிக்கை, அளவு, அனுப்பும் தேதி, முன்பணம் நான்கையும் எண்ணில் எழுதி, டிசைன் படத்தோடு அனுப்புங்கள். அதற்கு அவர் சரி என்று சொல்லி முன்பணமும் வந்து சேரும்வரை அச்சைக் கையில் எடுக்காதீர்கள்.