டெங்கு கொசுவுக்கு ஏன் காய்ச்சல் வருவதில்லை?

கேள்வி: டெங்கு வந்து என் மகன் எழுந்து நடமாடவே இரண்டு வாரம் ஆனது. அதே வைரஸைச் சுமக்கும் கொசு மட்டும் எப்படிச் சுகமாகப் பறக்கிறது? அதன் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி டெங்குவை ஒழிக்க முடியாதா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: மகன் இப்போது நன்றாகத் தேறியிருப்பான் என்று நம்புகிறேன். கொசு சுகமாகப் பறக்கவில்லை, அம்மா. வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் பறக்கிறது. நமக்கு இருப்பதுபோல ஆன்டிபாடிகள், அதாவது கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள், அதற்குக் கிடையாது. வைரஸின் மரபுப்பொருளை வெட்டுவதுதான் அதற்குத் தெரிந்த முக்கிய வைத்தியம்.

டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஏறக்குறைய 10,700 வேதியியல் எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அது பெருக வேண்டுமானால் எதிரிழை ஒன்று உருவாக வேண்டும். அப்போது இரண்டும் பின்னிக்கொண்டு இரட்டை இழையாகின்றன. வைரஸ் அகப்பட்டுக்கொள்வது அங்கேதான். டைசர்-2 என்ற புரதம் அந்த இரட்டை இழையை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. திருடன் விட்டுச்சென்ற துணியை மோந்துவிட்டு ஓடும் போலீஸ் நாயைப்போல, ஆர்கோநாட்-2 என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடிப்பிடித்து வெட்டுகிறது.

இந்தப் போர் தொடங்கும் இடத்தை நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பனிக்கட்டியில் மயங்கவைத்து, ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, வயிற்றின் நுனியை ஊசியால் மெல்ல இழுத்தால் குடல் நூலாக வெளியே வரும். ரத்தம் குடித்திருந்தால் நடுவில் கருஞ்சிவப்பாகப் புடைத்திருக்கும். அந்த மெல்லிய சுவரில்தான் வைரஸ் முதலில் காலூன்றுகிறது. அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டிப் பிறருக்குப் பரவ வழக்கமாக 8 முதல் 12 நாள் ஆகும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் டைசர்-2 புரதத்தை ஒடுக்கிப் பார்த்தார்கள்; வைரஸ் கூடுதலாகப் பெருகியது, பரவத் தேவைப்படும் நாள்களும் குறைந்தன.

ஆனாலும் வைரஸ் முழுவதுமாக ஒழிவதில்லை. தன் இரட்டை இழையைச் சவ்வுப் பைகளுக்குள் ஒளித்துவைத்துத் தப்பிக்கொள்கிறது. கொசுவும் சாவதில்லை, வைரஸும் சாவதில்லை. இந்தச் சமரசத்துக்கு விலை கொடுப்பது உங்கள் மகனைப் போன்றவர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

எதிர்ப்பைக் கூட்டும் முயற்சியும் நடந்திருக்கிறது. டைசர்-2 முன்கூட்டியே வெட்டத் தொடங்கட்டும் என்று, ரத்தம் குடித்தவுடனே டெங்குவின் இரட்டை இழைத் துண்டைக் குடலில் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றிய கொசுவை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் அறிவித்தார்கள். வைரஸ் பரவுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பல தலைமுறை வளர்த்தபின் அந்த எதிர்ப்பு போய்விட்டது. இந்த வழியில் இன்னும் உழைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அதுவரை தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நீரை மட்டும் கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.