ஒன்பது கல் தள்ளி

கேள்வி: காய்ச்சல் பரவியதால் எங்கள் பள்ளியை நான்கு நாள் மூடினார்கள். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினேன். பாதிப் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொரோனா மாதிரி மாதக்கணக்கில் மூட நேர்ந்தால் பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது டீச்சர்?
– நடுநிலைப் பள்ளி ஆசிரியை, புதுவயல்

பதில்: நானும் பாடத்தில்தான் ஆரம்பித்தேன் அம்மா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. முதல் இரண்டு மாதம் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். யார் பார்ப்பது? கல்வித் தொலைக்காட்சி ஓடியது, நல்லதுதான். ஆனால் டிவி யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதே.

அப்புறம் வருகைப் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து, தினமும் சாயங்காலம் ஆறு பேருக்குப் போன் போட்டுப் பேர் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்!" என்று காது கிழியும். சாப்பிட்டியா, அப்பத்தா எப்படி இருக்காங்க, அவ்வளவுதான் பேச்சு. 31 பேரில் இரண்டு பேர் மட்டும் சிக்கவில்லை.

ஒருத்தி, அப்பத்தா தவறியதிலிருந்து யாரோடும் பேசாமல் கிடந்தாள். எனக்கு அப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். இப்போது மனநல ஆலோசனைக்கு 14416 என்ற போன் எண் இருக்கிறது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

இன்னொருவன் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் இருந்தான். அப்பா கல்யாணச் சமையல்காரர். கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றானதும் வீட்டில் வருமானம் நின்றுவிட்டது. பையன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடி மேல் அச்சை வைத்துத்தான் சாயம் ஊற்றுவார்கள். முழங்கை வரை சிவப்பு. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என் பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல இருக்கா டீச்சர்?" என்றான். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். 17-ஆம் எண்.

ஊரடங்கு தளர்ந்ததும், பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுத் திண்ணையைக் கேட்டேன். சென்னையில் இருந்த ஆச்சி, "உட்காரத்தானே கட்டிப் போட்டிருக்கு" என்று போனிலேயே சொல்லிவிட்டார். திண்ணை முழுக்க எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல். ஒன்பது கல் எண்ணினால் ஆறடி. பிள்ளைகளே எண்ணி, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். முதல் அரை மணி நேரம் கதைதான், யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்கிற வரைக்கும். புத்தகம் அப்புறம்.

17-ஆம் எண்காரனும் வந்தான். உட்காரவில்லை. குனிந்து தரையையே பார்த்துவிட்டு, "நாலாவது வரிசையில பூ திரும்பிக் கிடக்கு டீச்சர், ஒட்டத் தெரியாம ஒட்டியிருக்காங்க" என்றான்.