கேளுங்கள் கோச்: சுக்கானை யாரிடம் கொடுப்பது?

கே: எங்கள் கல்லூரி கால்பந்து அணியின் கோச் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். வெளியூரிலிருந்து பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டுவர நிர்வாகம் பேசிக்கொண்டிருக்கிறது. கூடவே இருக்கும் உதவி கோச்சுக்குக் கொடுக்கலாமே என்கிறோம் நாங்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (மாணவர், கீழக்கரை)

ப: நான் உங்கள் பக்கம்தான், தம்பி. இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனில் ஸ்கோர் பார்ப்பேன். அங்கே சனி ராத்திரி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் திட்டு விழும், அது வேறு கதை.

ஃபார்கோ என்ற ஊரில் வடக்கு டகோடா மாநிலப் பல்கலைக்கழகம். இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ். பிரிவில் 2011 முதல் 2024 சீசன் வரை 10 தேசியப் பட்டங்கள். அதுவும் நான்கு கோச்களின் கையில்! கிரேக் போல் என்ற கோச் வரிசையாக இரண்டு பட்டம் வாங்கி, மூன்றாவதுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 2013 டிசம்பரில், வயோமிங் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. நாக்கவுட் ஆட்டங்கள் பாதியில் நிற்கின்றன. சில நாட்களிலேயே, தடுப்பாட்டத்தைக் கவனித்துவந்த கிறிஸ் கிளைமன்தான் அடுத்த கோச் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய கோச்சும் பாதியில் கிளம்பவில்லை. ஃபைனல் வரை இருந்து, கப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கிளைமன் முதல் சீசனிலேயே பட்டம் வென்றார். 2018 டிசம்பரில் அவரைக் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. அவரும் ஃபைனல் முடித்துவிட்டுப் போக, அவருக்குக் கீழே தடுப்பாட்டக் கோச்சாக இருந்த மேட் என்ட்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். 2019இல் ஆடிய 16 ஆட்டமும் வெற்றி. 2024இல் டிம் போலசெக். இவர் வெளியிலிருந்து வந்தவர்தான், ஆனால் முன்பு அங்கேயே பல வருடம் உதவி கோச்சாக இருந்தவர். அவருக்கும் முதல் சீசனிலேயே பட்டம்.

நம் கடற்கரையில் வத்தைக்காரர் தனக்கு வயதானால், கூடவே கடலுக்கு வந்தவனிடம்தானே சுக்கானைக் கொடுக்கிறார்? உங்கள் நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பெயரை இப்போதே அறிவிக்கட்டும். பழைய சார் இருக்கும்போதே புதியவர் ஒரு டோர்னமென்டாவது நடத்திப் பார்க்கட்டும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுப்பது, நம் மணல் கிரவுண்டில் எந்த மூலையில் பந்து நின்றுவிடும் என்பதெல்லாம் உங்கள் உதவி கோச்சுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் அதைப் பிடிப்பதற்குள் சீசன் போய்விடும்.

கே: இப்படி மூலையில் கிடக்கும் கல்லூரியை நாடு எப்படித் திரும்பிப் பார்க்கும்? (வாசகர், மண்டபம்)

ப: பெரியவனை அடித்தால் பார்க்கும். 2016இல் முதல் அடுக்கில் நாட்டின் 13ஆம் இடத்தில் இருந்த அயோவா பல்கலைக்கழகத்தை அதன் ஊரிலேயே 23-21 என்று ஃபார்கோ பையன்கள் சாய்த்தார்கள். அதே ஆண்டு அவர்களின் முன்னாள் வீரர் கார்சன் வென்ட்ஸை தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் புது வீரர் தேர்வில் இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். அதற்கும் முன்பே, 2013இல், இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் தன் பிரபல சனிக்கிழமை நிகழ்ச்சியை ஃபார்கோ கடைத்தெருவிலேயே வந்து நடத்தியது. கோச்கள் மாறியும் இந்தக் கவனம் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

கே: சொந்த ஆளைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, கோச்? (வாசகி, தொண்டி)

ப: ஆகாது, சகோதரி. பெரிய கோச்சுக்குப் பின்னால் வருகிறவர் சொந்த ஆளானாலும் வெளியாளானாலும் பாடு கஷ்டம்தான். அலபாமா பல்கலைக்கழகத்தில் பேர் பிரையன்ட் என்பவர் 25 சீசன் கோச்சாக இருந்து 6 பட்டம் வாங்கிவிட்டு 1982 முடிவில் விலகினார். வந்தவர் ரே பெர்கின்ஸ், அவரிடமே ஆடிய பையன். பிரையன்ட் ஏறி நின்று பயிற்சி பார்த்த கோபுரத்தைப் பிரித்துப் போட்டார், ஆட்ட முறையையும் மாற்றினார். 1984இல் 5 வெற்றி, 6 தோல்வி. தோல்வி அதிகமான சீசனை அலபாமா 1957க்குப் பிறகு அப்போதுதான் பார்த்தது. அதே ஊரில் 2024 ஜனவரியில் நிக் சாபன் ஓய்வு பெற்றார், அவருக்கும் அங்கே 6 பட்டம். இந்தத் தடவை வெளியாளான கேலன் டெபோரைக் கொண்டுவந்தார்கள். முதல் சீசனில் 9 வெற்றி, 4 தோல்வி. வேறு கல்லூரியாக இருந்தால் மாலை போட்டிருப்பார்கள். அங்கே ரசிகர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.