மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளைத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்க கணவரின் இபிஎப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை எடுத்து, மீதிக்குத் தாமான் வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "டாக்டரானால் ஆஸ்திரேலியா போய்விடலாம்" என்கிறாராம் பிள்ளையின் பெரியப்பா. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வேண்டாம் அம்மா. கட்டணம் பல கல்லூரிகளில் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. 2016 இறுதியிலிருந்து அரசு மருத்துவமனையில் புதிய டாக்டர்களுக்கு முதலில் ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலை 26-இல் அவர்கள் வெளிநடப்புச் செய்ததும் அதனால்தான். ஆஸ்திரேலியாவுக்கோ, பெரும்பாலான மலேசியப் பட்டங்களுக்கு மேல் இன்னொரு தேர்வும் எழுத வேண்டும்.

படுத்த படுக்கையான பாட்டியை மகள்தான் புரட்டிப் போட்டு, சோறூட்டிப் பார்த்துக்கொண்டாள், தாதியாகவே ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். வெளிநாடுதான் வேண்டுமென்றால், ஜெர்மனியில் தாதியர் பயிற்சி இருக்கிறது.

சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் ஒரு நாடு கதவைத் திறக்காது. அங்கே ஆள் குறைய வேண்டும். ஜெர்மனியில் 1972 முதல் ஆண்டுதோறும் பிறப்பைவிட இறப்பே அதிகம். போருக்குப் பின் மிக அதிகக் குழந்தைகள் பிறந்த 1964-ஆம் ஆண்டுக்காரர்கள் 2031-இல் 67 வயதாகி ஓய்வு பெறுகிறார்கள். முதியவர் பெருக, கவனிக்கும் கைகள் குறைகின்றன.

அங்கே தாதியர் பயிற்சி மூன்றாண்டு: 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் மருத்துவமனை, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பில் செய்முறைப் பயிற்சி. பள்ளிக் கட்டணம் இல்லை. பொதுத்துறை மருத்துவமனைகளில் முதலாண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் சம்பளம். காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போகும். வாடகை கடிக்கும் பெருநகரத்தை விட்டு, பணியாளர் விடுதி தரும் சிறு நகர மருத்துவமனைக்கே விண்ணப்பியுங்கள்.

தடுக்கி விழுவது மொழியில்தான். பெரும்பாலான இடங்களில் ஜெர்மன் மொழியில் பி2 கேட்பார்கள். ஏ1 தொடக்க நிலை, பி2 நான்காம் நிலை. தொடக்கத்திலிருந்து அதற்கு 45 நிமிடப் பாடவேளை 600 முதல் 800 வரை ஆகும். கைப்பேசிச் செயலியில் மட்டும் படித்தவர்கள் பேச்சுத் தேர்வில் திணறுகிறார்கள். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோலாலம்பூர் கோதே நிலையத்தில் ஏ1 வகுப்பில் சேர்த்துவிட்டுப் பாருங்கள். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், பெரிய நட்டமில்லை. பிறகுதான் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் ஜெர்மன் பள்ளிச் சான்றிதழுக்குச் சமம் என்று, அவள் போகும் ஜெர்மன் மாநிலத்தின் அதிகாரி தரும் சமநிலைக் கடிதம், மருத்துவமனையோடு பயிற்சி ஒப்பந்தம், கடைசியில் இங்குள்ள ஜெர்மன் தூதரகத்தில் விசா. விசா இல்லாமல் சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ள முடியாது.

ஒப்பந்தம் வாங்கித்தருகிறேன் என்று காசு கேட்கும் ஏஜண்டிடம் ஒரு சென் கொடுக்காதீர்கள். தோட்டத்துக்குக் கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த, 1938-இல் நின்றுபோன கங்காணி முறையிலும் முன்பணக் கடன்தான் நம் முன்னோரைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது. ஜெர்மன் பயிற்சியில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதில் பிடிக்காவிட்டால் விலக அவளுக்கு உரிமை உண்டு. கடன் இருந்தால் அந்த உரிமையும் போய்விடும். முதலாண்டுச் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.