அன்பே உருவான கடவுள் தண்டிப்பாரா?

கடவுள் அன்பே உருவானவர் என்றால் உலகில் தீமை ஏன், தண்டனை ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், தண்டனைக்கு அன்போடு பொருந்தும் விளக்கம் உண்டென்றும், காரணம் தெரியாமல் வந்து விழும் துன்பத்துக்கு அது போதாதென்றும் கருதுகிறேன்.

நான் கடலூர்க்காரன், சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருத்துறையூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாச்சாரியார், சொற்கேளாப் பிள்ளையைப் பெற்றோர் வளாரால் (சிறு குச்சியால்) அடிப்பதும் கட்டிவைப்பதும் பரிவினால்தான், ஈசனின் சினமும் அத்தகையதே என்று சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் சொல்கிறார். இதைச் சைவர்கள் மறக்கருணை, அதாவது தண்டனை வடிவில் வரும் கருணை, என்பார்கள். இந்த விளக்கத்தின் வலிமை, தண்டனைக்கு முடிவு உண்டு என்பதில் இருக்கிறது: சித்தாந்தத்தில் நரகமும் வினை கழியும் வரைதான்; அதன்பின் உயிர் மீண்டும் பிறந்து, மலம் எனப்படும் ஆணவம் முதலான உயிரின் அழுக்கு நீங்கி, வீடுபேற்றை அடைய வழி இருக்கிறது. முடிவே இல்லாத நரகத்தை எந்தச் சமயம் சொன்னாலும் அதை அன்பின் கணக்கில் எழுத என்னால் இயலாது. திருந்த இடமே தராத தண்டனை யாரைத் திருத்தப் போகிறது?

ஆனால் அடிபடும் பிள்ளைக்குத் தான் செய்த குற்றம் எதுவென்று தெரிய வேண்டும் அல்லவா? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் பெரியவர் ஒருவர், ஆறுதலாகத்தான், "எல்லாம் முன்வினைம்மா" என்றார். "நடக்கப் பழகுன புள்ள என்னா வினை செஞ்சிச்சு?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். முற்பிறவி என்ற விடை சாத்திரத்தில் இருக்கிறது. என்றாலும், நினைவிலேயே இல்லாத பிறவியின் குற்றத்துக்காக விழும் அடி, வாங்குபவருக்கு எதையும் உணர்த்துவதில்லை. யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்றவர் ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கும்போது, இரண்டும் இல்லை என்றே இயேசு சொல்கிறார். துன்பப்படுபவர் அதைத் தண்டனை என்று தாமாக ஏற்றுக்கொண்டால் நான் மறுத்துப் பேச மாட்டேன். அடுத்தவர் துன்பத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வருவதில்லை.

திருவதிகையில் சூலை என்னும் வயிற்றுநோயால் துடித்த அப்பர், தாம் செய்த கொடுமைகளை அறியேன் என்றும், இனி ஆற்றேன் என்றும் ஈசனிடமே முறையிட்டார். அவரை ஆட்கொள்ளவே இறைவன் அந்நோயைத் தந்தான் என்று பெரிய புராணம் விளக்குவது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். வயிற்றுநோய் தீர வேண்டி எங்கள் பக்கத்தில் இன்றும் பாராயணம் செய்வது அப்பரின் அந்த முறையீட்டைத்தான்.