14 நாளில் 10 ஊர் வேண்டாம், காசிக்கு 5 இரவு கொடுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் தேவிபட்டினம் பக்கம். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மாவுக்கு 68. நான், மனைவி, நான்காவது படிக்கும் மகள் என்று மொத்தம் ஐந்து பேர். அப்பாவுக்குக் காசி போக வேண்டும், மனைவிக்குத் தாஜ்மகால், மகளுக்குப் பனி. ஊருக்கு வந்துபோகும் டூர் ஏஜென்ட் ஒருவர், அரையாண்டு விடுமுறையை ஒட்டி 14 நாளில் டெல்லி, ஆக்ரா, மதுரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், ஸ்ரீநகர், ஹரித்துவார், அயோத்தி, காசி, கயா என 10 ஊர் காட்டுவதாகச் சொல்கிறார். பாதிப் பணம் முன்பணம். "வாழ்க்கையில ஒரு தடவை போறீங்க, எதையும் விட்றாதீங்கண்ணே" என்கிறார். போகலாமா? அவசியம் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

பதில்: இந்தப் பயணத்துக்குப் போகாதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே போய்க் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் கரையிலிருந்து வடக்கே போக ரயிலில் இரண்டு நாளுக்கு மேல், திரும்பி வரவும் அப்படியே. 14 நாளில் ஐந்து நாள் அங்கேயே போய்விட்டது. மீதி ஒன்பது நாளில் பத்து ஊர். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சாலை வழியே சுமார் 800 கிலோமீட்டர், அங்கிருந்து காசி அதைப்போல இரண்டு மடங்கு. இரவு 11 மணிக்கு அறையில் இறக்கிவிட்டு விடிகாலை 4 மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். முழங்கால் வலியோடு இருக்கும் ஒரு பெரியவரை இப்படி இழுத்தடிப்பது பாவம்.

20 வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்து ஆட்களை வடக்கே கூட்டிப் போய் வருகிறேன். எது அவசியம் பார்க்க வேண்டியது என்று என்னிடம் கேட்டால், உங்கள் ஊரில் எது இல்லை என்று திருப்பிக் கேட்பேன். கோவா, பூரிக் கடற்கரை என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு கடற்கரை எதற்கு? நம்மிடம் இல்லாதது ஆறு. வைகை நம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும், மழை நன்றாகப் பெய்த வருடத்தில்தான் ஆற்றங்கரை முகத்துவாரம் வரை தண்ணீர் போகும். ஒருமுறை திருப்பாலைக்குடிப் பக்கத்து அம்மா ஒருவரைக் காசிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மாசி மாதம். அஸ்ஸி படித்துறையில் நின்று கங்கையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டும் நல்ல தண்ணியாப்பா?" என்று கேட்டார். காலமெல்லாம் குடத்தோடு தண்ணீருக்குக் காத்திருந்தவர். அப்புறம் அரைமணி நேரம் அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. உங்கள் அம்மாவும் அதைப் பார்க்கட்டும்.

நமக்கு இன்னொரு கொடுப்பினையும் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து காசிக்குப் போகிறவர்கள் யாத்திரையை முடிக்க நம் ஊருக்கு வருகிறார்கள். சேதுக்கரை மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் கரைப்பதும், அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும் பழைய வழக்கம். நீங்கள் வீட்டு வாசலிலிருந்தே யாத்திரையைத் தொடங்கலாம்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் ரயிலைப் பாருங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபிறகுதான் ராமேஸ்வரத்துக்கே மறுபடி ரயில் வந்தது. இன்று அங்கிருந்து பனாரஸுக்கு, அயோத்திக்கு, குஜராத்தின் ஓகாவுக்கு, புவனேஸ்வருக்கு, அஜ்மீர் வழியாகப் பஞ்சாபின் ஃபெரோஸ்பூருக்கு என்று நேரடி ரயில்கள் இருக்கின்றன. ஓகா ரயிலில் துவாரகையில் இறங்கலாம். புவனேஸ்வரிலிருந்து பூரி 60 கிலோமீட்டர், கொனார்க் சூரியன் கோயிலும் பக்கம்தான். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்தார் அஜ்மீர் தர்காவுக்குப் போக ஃபெரோஸ்பூர் ரயில் வசதி. ஒரு பயணத்துக்கு ஒரு திசை போதும். ஆனால் எல்லாமே வாரத்துக்கு ஒரு ரயில். நாட்டின் நான்கு தாமங்களில் ஒன்று ராமேஸ்வரம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், காசிக்கு வாரம் இரண்டு ரயில் விட மனம் வரவில்லை. இந்தப் பற்றாக்குறையில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

உங்களுக்கு என் யோசனை இது. பனாரஸ் ரயிலில் போய்க் காசியில் 5 இரவு தங்குங்கள். அதில் ஒரு நாள் பிரயாகைக்குப் போய்வாருங்கள், 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு அரைநாள் சாரநாத், 10 கிலோமீட்டர்தான். பிறகு ஆக்ராவில் 2 இரவு. வாராணசியிலிருந்து ஆக்ராவுக்கு வந்தே பாரத் ரயிலில் சுமார் 7 மணி நேரம். திரும்புவதற்கு டெல்லி வரை போகவே வேண்டாம். டெல்லி நிஜாமுதீனிலிருந்து மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மெண்டில் நிற்கும். வாரம் இரண்டு நாள். மதுரையில் இறங்கினால் வீடு வந்த மாதிரிதான்.

டிசம்பர் கடைசி வேண்டாம். அங்கே மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், தாஜ்மகாலே கண்ணுக்குத் தெரியாத காலைகள் உண்டு. மகா சிவராத்திரிக்கு அடுத்த நாளிலிருந்து ஹோலிக்கு முன்புவரை உள்ள இரண்டு வாரத்தைப் பிடியுங்கள். பிரயாகையின் மாக மேளாவும் அப்போது முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நான்காவது படிக்கும் பிள்ளைக்கு இரண்டு வாரம் விடுப்பு கேட்டால் ஆசிரியர் கொடுப்பார், போய்க் கேளுங்கள்.

இனி டிக்கெட். இதை நிதானமாகப் படியுங்கள், எல்லோரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த டிக்கெட்டில் அப்படிப்பட்டவர் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்தால்தான் அது செல்லும். "குடும்பமாகப் போகிறோம், ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும்" என்று ஐந்து பேரையும் சேர்த்துப் போட்டால், உங்கள் வயதும் மனைவி வயதும் உள்ளே வந்த உடனே அந்த ஒதுக்கீடு போய்விடும். கடைசியில் அப்பாவுக்கு மேல் படுக்கை விழலாம். எனவே அப்பா, அம்மா இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். பதிவு செய்யும்போது ஒதுக்கீட்டுப் பட்டியலில் பொது என்பதை விட்டு, லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் மூவருக்கும் இன்னொரு டிக்கெட். கடைசி நேரத்தில் 64 வயது அத்தை ஒருவர் நானும் வருகிறேன் என்று சேர்ந்தால், மூன்று பெரியவர்களையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள், மூன்று பேர் ஆனாலும் ஒதுக்கீடு கிடைக்காது. அத்தைக்குத் தனியாக ஒரு டிக்கெட், அதிலும் இதே ஒதுக்கீடு. இடம் வேறு வேறு பெட்டியில் விழுந்தால் ரயிலில் டி.டி.இ.யிடம் சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நம் ஆட்கள் இல்லை என்று சொல்வது அரிது. மகளுக்கு 5 வயது கடந்துவிட்டதால் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

மூத்தவர்களுக்கு முன்பு ஆணுக்கு 40 சதவீதமும் பெண்ணுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

முன்பதிவு, கிளம்பும் நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரைச் சரிபார்த்து வைத்திருங்கள், இல்லாவிட்டால் திறக்கும் நேரத்தில் இணையத்தில் பதிவு செய்ய முடியாது. இதற்குப் பயந்துதான் புரோக்கரிடம் போகிறீர்கள். அவரோ சொந்தக் கணக்கில் யார் யார் பெயரிலோ போட்டு வைத்துக்கொண்டு, தலைக்கு இவ்வளவு என்று கூட்டி விற்பார். "பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்பார். முன்பின் தெரியாதவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி சிறைக்குப் போகும் குற்றம். பிடிபட்டால் அவருடைய டிக்கெட்டோடு உங்கள் பயணமும் போய்விடும்.

சில வருடம் முன்பு ஓர் இரவு எனக்கு ஒரு போன் வந்தது. நம் கரையோரக் கிராமத்தவர்கள், பாதிப்பேர் வயதானவர்கள். ஏஜென்ட் ஒருவர் கொடுத்த டிக்கெட் எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட். "ரயில் ஏறினதும் கன்ஃபார்ம் ஆயிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பயணிகள் பட்டியல் தயாரானபோது அவை தானாகவே ரத்தாகிவிட்டன. ரத்தான பணம் பதிவு செய்தவர் கணக்குக்குத்தான் போகும், அதாவது ஏஜென்டுக்கு. நாக்பூர் நடைமேடையில் துணியை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. விடிய விடிய ஆள் பிடித்து இரண்டு தவணையாக ஊருக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணும், தங்கும் விடுதியின் பெயரும், ஒவ்வொரு இரவும் எந்த ஊரில் என்ற பட்டியலும், வராவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "நம்ம ஊரு சமையல்காரரும் கூட வர்றாரு" என்பதைக் கேட்டு மயங்காதீர்கள். சாம்பார் கிடைக்கும், படுக்கை கிடைக்காது.

காசியில் ரயில் நின்றதும் குழம்பிவிடாதீர்கள். பனாரஸ் என்பது பழைய மண்டுவாடி நிலையம், வாராணசி ஜங்ஷன் வேறு. விடுதிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் சரியான பெயரைச் சொல்லுங்கள். அனுமான் காட், கேதார் காட் பக்கம் தங்குங்கள், காட் என்றால் படித்துறை. தமிழ் பேசும் புரோகிதர்கள் அங்கே இருக்கிறார்கள், குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடமும் கேதார் காட்டில்தான். ஆனால் சந்துக்குள் வண்டி வராது. அப்பா எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படி இறங்க வேண்டும் என்று அறை போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கங்கை ஆரத்தியைப் படிக்கட்டில் நெருக்கியடித்துப் பார்ப்பதைவிடப் படகில் உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு எளிது. ஏறும் முன்பே ஐந்து பேருக்கும் சேர்த்து மொத்த வாடகை பேசிவிடுங்கள். சங்கமத்திலும் அப்படித்தான். திதி கொடுப்பதாக இருந்தால் தட்சணையையும் உட்காரும் முன்பே பேசுங்கள், நடுவில் பேசினால் அப்பாவின் மனது கஷ்டப்படும்.

விசுவநாதர் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கடைக்காரர்கள் "லாக்கர் இலவசம்" என்று கூப்பிட்டுப் பூஜைத் தட்டைத் தலையில் கட்டுவார்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்க முடியாவிட்டால் கோயில் நிர்வாகமே ரசீதோடு கொடுக்கும் சுகம் தரிசனச் சீட்டு இருக்கிறது. சந்தில் வந்து கையைப் பிடிப்பவரிடம் வாங்காதீர்கள். ஆட்டோக்காரர் "பட்டு நெய்யிற இடம்" என்று கூட்டிப்போவது கமிஷன் கடைக்கு.

தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். நுழைவு 50 ரூபாய், மேலே சமாதி மண்டபத்துக்கு ஏற இன்னொரு 200. 15 வயதுக்குள் இலவசம். அப்பா மேலே ஏறப்போவதில்லை என்றால் அவருக்கு அந்த 200 வேண்டாம், கீழிருந்து பார்ப்பதே அழகு.

மகளின் பனி இந்தப் பயணத்தில் வேண்டாம். ஒரு குளிர்காலத்தில் நீங்களும் மனைவியும் அவளைக் காஷ்மீரின் குல்மார்க் கூட்டிப் போங்கள். பிப்ரவரியில் நல்ல பனி இருக்கும். வெளி மாநிலப் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, அதை மட்டும் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே மலையேறும் கம்பிவட வண்டியான கோண்டோலாவின் டிக்கெட்டை இணையத்தில் மட்டும் வாங்குங்கள்.

காசிக்கு அரசு இலவசமாகக் கூட்டிப் போகிறதாமே என்று பலர் கேட்கிறார்கள். அறநிலையத் துறை ராமேஸ்வரத்திலிருந்து அழைத்துப் போகிறது, உண்மைதான். வயது 60 முதல் 70 வரை, ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். உங்கள் அம்மாவின் வயது பொருந்தும், அப்பாவுக்கு இரண்டு வயது கூடிவிட்டது. காசியைப் பார்க்காமல் கண்மூடிவிடுவோமோ என்று தவிப்பவர்கள் 70-ஐத் தாண்டியவர்கள்தான், அவர்களை வாசலிலேயே நிறுத்துகிற விதியை யார் எழுதினார்களோ. அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், விண்ணப்பம் துறையின் அலுவலகத்திலேயே கிடைக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சேதுக்கரைக்குப் போய் ஒரு பிடி மணல் எடுத்துத் துணியில் முடிந்துகொள்ளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். அதை அப்பாவின் கையில் கொடுத்துவிடுங்கள், பிரயாகை வரை அவர் பத்திரமாக வைத்திருப்பார். திரும்பும்போது கங்கைநீருக்கு இறுக்கமான மூடியுள்ள செம்பு வாங்குங்கள். ரயிலில் இரண்டு நாள் படுக்கவைத்தாலும் சொட்டக் கூடாது.